செல் ஹைட்ரஜன் பெராக்சைடை உடைப்பதில் ஏ.டி.பி.க்கு என்ன வேலை: தருமபுரி, கிருஷ்ணகிரி பள்ளிகளில் செய்து காட்ட ஒரு வழிகாட்டி

அறிவியல் கண்காட்சிக்கோ செயல்திட்டத்துக்கோ இந்தத் தலைப்பை எடுத்திருக்கிறீர்களா? ஹைட்ரஜன் பெராக்சைடு செல்லுக்குள்ளேயே உண்டாகும், தேங்கினால் செல்லைக் கெடுக்கும். ஏ.டி.பி. என்பது செல் தன் வேலைகளுக்குச் செலவிடும் ஆற்றல் மூலக்கூறு. ஒன்பதாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை உள்ள மாணவர்களுக்கும் வழிகாட்டி ஆசிரியர்களுக்கும் இது பயன்படும். மருந்துக்கடையில் கிடைக்கும் பெராக்சைடு, சந்தையில் கிடைக்கும் நிலக்கடலை, பேக்கரி ஈஸ்ட் ஆகிய மூன்றையும் வைத்துச் செய்யலாம். தவறு நேர்வது பெரும்பாலும் பொருளில் இல்லை, கேள்வியில்தான். அதனால் முதல் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள்.

1. முதலில் கேள்வியைச் சரிசெய்யுங்கள்

"ஏ.டி.பி. பெராக்சைடை உடைக்கிறது" என்று பலகையில் எழுதினால் நடுவரின் முதல் கேள்விக்கே மாட்டிக்கொள்வீர்கள். செல்லுக்குள் ஏ.டி.பி. பெராக்சைடைத் தொடுவதில்லை. உடைப்பது நொதிகள். அந்த நொதிகள் ஓயாமல் வேலை செய்வதற்கான செலவில் ஒரு பங்கைத்தான் ஏ.டி.பி. கட்டுகிறது.

பாதைகள் இரண்டு. முதலாவது கேடலேஸ் என்ற நொதி. இரண்டு பெராக்சைடு மூலக்கூறுகளை எடுத்து இரண்டு தண்ணீர், ஒரு ஆக்சிஜன் என்று பிரித்துவிடும். இதற்கு ஏ.டி.பி. வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். செத்த செல்லிலும், அரைத்து வடித்த சாற்றிலும் நடக்கும். நுரை பொங்குவது இதனால்தான்.

இரண்டாவது பாதையில் நுரை வராது. பெராக்சைடுக்கு எலெக்ட்ரான் கொடுத்து அதை நேராகத் தண்ணீராக்குகிறது செல். நம் ரத்தச் சிவப்பணுவில் அந்த எலெக்ட்ரானைக் கொடுப்பது குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு. கொடுத்து வெறுமையான குளுட்டாதயோனுக்குத் திரும்ப எலெக்ட்ரான் தருவது என்.ஏ.டி.பி.எச். என்ற, எலெக்ட்ரான் சுமக்கும் மூலக்கூறு. அந்த என்.ஏ.டி.பி.எச். வருவது குளுக்கோசிலிருந்து. குளுக்கோஸ் செல்லுக்குள் நுழைந்ததும் ஹெக்சோகைனேஸ் என்ற நொதி அதன் மேல் ஒரு பாஸ்பேட்டை ஏற்றும். ஏ.டி.பி. செலவாகும் இடம் இதுதான். பாஸ்பேட் ஏறிய குளுக்கோஸ் செல்லை விட்டு வெளியேற முடியாது. அதன்பின் இரண்டு நொதிகள் அடுத்தடுத்து அதிலிருந்து இரண்டு என்.ஏ.டி.பி.எச். எடுக்கும்.

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் மாங்காய் லாரி கட்டும் காசை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காசு சுமையை இழுப்பதில்லை. ஆனால் கட்டாமல் லாரி அந்தப் பக்கம் போகாது.

கணக்கு இப்படி: ஒரு ஏ.டி.பி. கட்டினால் ஒரு குளுக்கோஸ் பாதையில் ஏறும், இரண்டு என்.ஏ.டி.பி.எச். கிடைக்கும், இரண்டு பெராக்சைடு தண்ணீராகும். பலகையின் நடுவில் இந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் வையுங்கள்.

ஏ.டி.பி. கட்டும் செலவு இன்னும் இரண்டு இடத்தில் உண்டு. ஒரு குளுட்டாதயோனைப் புதிதாகச் செய்ய இரண்டு ஏ.டி.பி. வேண்டும். மூன்று அமினோ அமிலங்களைக் கோக்க இரண்டு இணைப்பு, இணைப்புக்கு ஒன்று. அடுத்தது பெராக்சிரெடாக்சின் என்ற நொதி. பெராக்சைடு அளவுக்கு மீறி வந்தால் இதன் கந்தக முனையே ஆக்சிஜன் ஏறி முடங்கிப்போகும். முடங்கியதைச் சல்ஃபிரெடாக்சின் என்ற இன்னொரு நொதி பழுது பார்க்கிறது. முடங்கிய முனையில் ஏ.டி.பி.யின் பாஸ்பேட்டை ஏற்றித்தான் அதை மீட்கிறது. ஈஸ்டிலும் இது நடக்கிறது, மனிதச் செல்லிலும் நடக்கிறது. ஏ.டி.பி. பெராக்சைடுக்கு மிக அருகில் வரும் இடம் இதுவே.

தமிழில் எழுதும்போது மட்டும் வரும் ஒரு சிக்கல்: ஏ.டி.பி., என்.ஏ.டி.பி.எச். இரண்டும் எழுத்தில் ஒன்றுக்குள் ஒன்று இருப்பது போலத் தெரியும். முன்னதில் "டி" பாஸ்பேட் மூன்று என்பதைக் குறிக்கிறது. பின்னது எலெக்ட்ரான் சுமக்கும் வேறு மூலக்கூறு. பலகையில் இரண்டையும் வேறு வேறு நிறத்தில் எழுதுங்கள். பேசும்போது முன்னதைக் "காசு", பின்னதை "எலெக்ட்ரான் வண்டி" என்று சொல்லிப் பழகிவிட்டால் நாக்குப் பிறழாது.

2. காகிதங்கள்

தலைமையாசிரியர் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் உள்ள ஒரு கடிதத்தை முதலிலேயே வாங்கிவிடுங்கள். எந்தப் பொருள், எவ்வளவு, எதற்கு, பொறுப்பாசிரியர் யார் என்ற நான்கும் அதில் இருக்கட்டும். மருந்துக்கடையில் 6 சதவீதப் பெராக்சைடுக்குக் கடிதம் கேட்க மாட்டார்கள். சேலத்திலோ பெங்களூரிலோ உள்ள ஆய்வகப் பொருள் கடைக்குப் போவதானால் கையில் இருப்பது நல்லது.

நான்காம் படியின் தரம்பார்த்தலுக்குக் கந்தக அமிலம் தேவைப்பட்டால் மாணவர்கள் கடைக்குப் போகவே கூடாது. 2013-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த உத்தரவுப்படி, அமிலம் வாங்குபவர் அரசு அடையாள அட்டையும் வாங்கும் காரணமும் காட்ட வேண்டும், விற்பவர் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பள்ளி ஆய்வகங்களும் பயன்பாட்டுக்குப் பதிவேடு வைக்க வேண்டும். பள்ளி இருப்பில் உள்ளதை ஆசிரியர் எடுத்து, பதிவேட்டில் எழுதிக் கொடுப்பதே சரியான வழி.

ஒரு நாட்குறிப்பு நோட்டும் வேண்டும். தேதி, நேரம், அறை வெப்பநிலை, பெராக்சைடு புட்டியின் தொகுதி எண், காலாவதித் தேதி, அளவீடு எல்லாம் அன்றன்றே பேனாவில் எழுதுங்கள். தவறாக வந்த அளவீட்டையும் அடிக்காமல் வையுங்கள். கண்காட்சிக்கு முதல் நாள் ராத்திரி ஒரே மையில் எழுதிய நோட்டை நடுவர்கள் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

3. வாங்குவதும் வாங்கக் கூடாததும்

பள்ளியில் கூம்புக் குடுவை, 100 மி.லி. அளவுசாடி, சோதனைக் குழாய், வெப்பமானி இருந்தால் மற்றவை எல்லாம் பெரும்பாலும் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு 6 சதவீதம், அதாவது "20 வால்யூம்" என்று எழுதியது, 100 மி.லி. புட்டி இரண்டு போதும். இங்கே வால்யூம் என்பதை ஒரு மி.லி. கரைசல் முழுவதும் உடைந்தால் திட்ட நிலையில் 20 மி.லி. ஆக்சிஜன் வரும் என்று படிக்க வேண்டும். 20 வால்யூமை 20 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் கணக்கு முழுவதும் மூன்று மடங்குக்கு மேல் தப்பும். ஆய்வகத்தில் கிடைக்கும் 30 சதவீதக் கரைசலைத் தொடவே வேண்டாம். தோலில் பட்டால் வெள்ளையாகப் பொசுக்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதைப் பேருந்தில் எடுத்துச் செல்வதும் கூடாது.

தண்ணீர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நம் பக்கத்துப் போர் தண்ணீர் கடினமானது. இரும்போ மாங்கனீசோ கலந்திருந்தால் நொதி இல்லாமலே பெராக்சைடை உடைக்கும். காவிரித் தண்ணீர் குழாயில் வந்தாலும் அதில் குளோரின் இருக்கும். காய்ச்சி வடித்த நீர் கிடைக்காவிட்டால் வாகன உதிரிபாகக் கடையில் விற்கும் பேட்டரி தண்ணீரை வாங்குங்கள். அதே தட்டில் பேட்டரி அமிலமும் இருக்கும். சீட்டைப் படித்து, பெரியவர் ஒருவர் கையால் வாங்குங்கள்.

விதைக்கடலை கால் கிலோ. மருந்து கலந்து சாயம் ஏற்றிய விதை வேண்டாம். தோலோடு வாங்கி நீங்களே உரித்த கடலை நன்றாக முளைக்கும். ஆமணக்கும் எண்ணெய் வித்துத்தானே என்று யாராவது சொல்வார்கள். அதில் ரைசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது, அரைக்கவே கூடாது.

உலர் ஈஸ்ட் ஒரு பொட்டலம், மெத்திலீன் நீலம் என்ற சாயம் (பள்ளியில் இல்லாவிட்டால் மீன்தொட்டிக் கடையில்), குளுக்கோஸ் ஏற்றும் புதிய டிரிப் செட் குழாய் ஒன்று, 5 மி.லி. ஊசிக்குழல், ரப்பர் கார்க், எம்-சீல், பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை. குளுக்கோஸ் வாங்கும்போது கலவையைப் படியுங்கள். வைட்டமின் சி சேர்த்த குளுக்கோஸ் பவுடர் ஈஸ்ட் இல்லாமலே மெத்திலீன் நீலத்தின் நிறத்தை எடுத்துவிடும். அப்புறம் ஆறாம் படியில் கிடைக்கும் முடிவு எதற்கும் உதவாது. ஆய்வகத்தில் உள்ள வெறும் குளுக்கோசே நல்லது.

ஏ.டி.பி. பவுடர் வாங்க வேண்டாம். விலை அதிகம், குளிரில் வைக்க வேண்டும். வாங்கி ஈஸ்டில் போட்டாலும் மின்னூட்டம் மிகுந்த அந்த மூலக்கூறு செல் சவ்வைத் தாண்டி உள்ளே போகாது. கரைசலில் இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொண்டு பெராக்சைடோடு வேறு வினைகளைக் கிளப்பவும் செய்யும். "ஏ.டி.பி. போட்டோம், மாற்றம் தெரிந்தது" என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

4. கரைசலைத் தயாரித்து வலுவைச் சரிபாருங்கள்

6 சதவீதக் கரைசல் 20 மி.லி. எடுத்து பேட்டரி தண்ணீர் 100 மி.லி. சேருங்கள். 1 சதவீதம் ஆகிவிட்டது. அன்றைக்குத் தேவையானதை அன்றைக்கே கலக்குங்கள். மிஞ்சியதைப் புட்டிக்குள் திரும்ப ஊற்றாதீர்கள். ஒரு துளித் தூசியோ கடலைச் சாறோ உள்ளே போனால் மூடிய புட்டிக்குள் ஆக்சிஜன் சேர்ந்து அழுத்தம் ஏறும்.

திறந்து பல மாதம் ஆன புட்டியையும், ஏப்ரல், மே வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் கிடந்த புட்டியையும் நம்ப வேண்டாம். வலுவைப் பார்க்க இரண்டு வழி. சுலபமானது ஐந்தாம் படியின் கருவியிலேயே கரைசலை முழுவதும் உடையவிட்டு வாயுவை அளப்பது. 1 சதவீதக் கரைசல் 10 மி.லி. முழுவதும் உடைந்தால், தருமபுரியில் 30 டிகிரியில் தண்ணீருக்கு மேல் சேகரிக்கும்போது சுமார் 40 மி.லி. வர வேண்டும். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவு என்பதால் 25 டிகிரியிலேயே 41, 42 மி.லி. காட்டும். சென்னையில் செய்தவர்கள் 38 என்று சொன்னால் இரண்டும் சரியே. இதைத் தெரிந்து வைத்திருக்கும் மாணவரை நடுவர் மறக்க மாட்டார்.

பிளஸ் டூ மாணவர்கள் தரம்பார்த்தல் செய்யலாம். 1 சதவீதக் கரைசல் 2 மி.லி., நீர்த்த கந்தக அமிலம் 20 மி.லி., பியூரெட்டில் 0.02 மோலார் பொட்டாசியம் பெர்மாங்கனேட் (லிட்டருக்கு 3.16 கிராம்). சுமார் 11.8 மி.லி.யில் இளஞ்சிவப்பு நிலைக்க வேண்டும். ஆக்சாலிக் அமிலத்துக்குச் சூடேற்றிய பழக்கத்தில் இதையும் அடுப்பில் வைத்துவிடாதீர்கள். சூட்டில் பெராக்சைடு தானே உடையும். முதல் சில துளிகள் மெதுவாகத்தான் நிறம் இழக்கும், பொறுங்கள்.

5. முதல் பாதை: கடலை முளையில் கேடலேஸ்

நிலக்கடலையை 8 மணி நேரம் ஊறவைத்து ஈரத்துணியில் கட்டி வையுங்கள். மூன்றாம் நாள் முளை எடுங்கள். முளைக்கும் எண்ணெய் வித்து, தன் கொழுப்பை உடைத்துச் சர்க்கரையாக்கும்போது பெராக்சைடு உண்டாகிறது. அதைச் சமாளிக்கக் கேடலேசை மிகுதியாக வைத்திருக்கும். வறுத்த கடலையில் ஒன்றும் வராது.

10 கிராம் முளையைக் குளிர்ந்த தண்ணீர் 50 மி.லி. விட்டு அரைத்து, வேட்டித் துணியில் வடித்து, ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் வையுங்கள். மிக்சியானால் ஐந்து ஐந்து விநாடியாக விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் சூடேறி நொதி கெடும். அன்றைய சாறு அன்றைக்கு மட்டும்.

குடுவையில் 1 சதவீதப் பெராக்சைடு 10 மி.லி. கார்க்கில் ஒரு துளை போட்டு டிரிப் செட் குழாயைச் செருகி எம்-சீல் வையுங்கள். குழாயின் மறுமுனை, தண்ணீர் நிரப்பித் தொட்டியில் கவிழ்த்த அளவுசாடிக்குள் போகட்டும். ஊசிக்குழலின் ஊசியை ஆசிரியர் கார்க்கில் குத்தித் தர வேண்டும். வினை தொடங்கும் முன் 5 மி.லி. காற்றை உள்ளே தள்ளிப் பாருங்கள். சாடியில் 5 மி.லி. வராவிட்டால் எங்கோ கசிகிறது.

இப்போது 2 மி.லி. சாற்றைச் செலுத்தி 30 விநாடிக்கு ஒருமுறை மூன்று நிமிடம் வரை அளவு எழுதுங்கள். இங்கே இரண்டு பிழை எல்லோருக்கும் நேரும். ஒன்று, நீங்கள் செலுத்திய 2 மி.லி. சாறே 2 மி.லி. காற்றை வெளியே தள்ளும். ஒவ்வொரு அளவீட்டிலும் 2 கழிக்க வேண்டும். மற்றது சூடு. பெராக்சைடு உடையும்போது வெப்பம் வெளிவரும். 1 சதவீதம் முழுவதும் உடைந்தால் கரைசல் சுமார் 6 டிகிரி சூடாகும், 6 சதவீதமானால் 30 டிகிரிக்கு மேல். சூடான வாயு விரிந்து அளவைக் கூட்டிக் காட்டும், நொதியும் கெடும். குடுவையை அறை வெப்பநிலைத் தண்ணீரில் நிற்க வையுங்கள். நுரை பெரிதாகத் தெரியட்டும் என்று 6 சதவீதத்தை நேராக ஊற்றுகிறவர்களின் அளவீடு ஒன்றோடொன்று ஒட்டாமல் போவதற்கு இதுவே காரணம்.

முதல் 30 விநாடியிலேயே பாதிக்கு மேல் வாயு வந்துவிட்டால் சாற்றை இரண்டு மடங்கு நீர்த்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிடத்தில் 5 மி.லி. கூட வராவிட்டால் சாற்றை 4 மி.லி. ஆக்குங்கள், கழிப்பதும் 4 ஆகும். ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்து சராசரி எடுங்கள். பத்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறிய சாறு, வெறும் தண்ணீர் இரண்டையும் கட்டாயம் வைத்துப் பாருங்கள். கொதித்த சாற்றிலும் வாயு வந்தால் உங்கள் தண்ணீரையோ பாத்திரத்தையோ சந்தேகியுங்கள்.

அரைத்த சாற்றில் சர்க்கரை சேர்த்தும் சேர்க்காமலும் ஒரு முறை செய்யுங்கள். வேகம் ஒன்றாகவே இருக்க வேண்டும். "இந்தப் பாதைக்கு ஏ.டி.பி. தேவையில்லை" என்று உங்கள் சொந்த அளவீட்டை வைத்துச் சொல்ல உதவும் சோதனை இதுதான்.

வினை நடக்கும் குடுவையை எந்தக் காரணத்துக்கும் இறுக மூடாதீர்கள். ஆக்சிஜனைக் காட்ட ஊதுவத்தி கொளுத்துவதானால் ஸ்பிரிட் விளக்கு அந்த மேசையிலேயே இருக்கக் கூடாது.

6. இரண்டாம் பாதை: ஈஸ்டில் எலெக்ட்ரான் ஓட்டம்

என்.ஏ.டி.பி.எச். பாதையைப் பள்ளியில் நேராக அளக்க முடியாது. கேடலேசை அடக்கும் வேதிப்பொருள்கள் நஞ்சு, அந்தப் பக்கம் போக வேண்டாம். நாம் காட்டக்கூடியது, உணவு கிடைத்த செல்லிலிருந்துதான் எலெக்ட்ரான் வேகமாக வெளிவருகிறது என்பதை.

5 கிராம் ஈஸ்டை 35 டிகிரி பேட்டரி தண்ணீர் 100 மி.லி.யில் கலந்து, மீன்தொட்டிக் காற்றுப் பம்பு போட்டு இரவு முழுவதும் விடுங்கள். பட்டினி போடுவது முக்கியம். பொட்டலத்து ஈஸ்ட் தனக்குள் டிரெஹலோஸ் என்ற சர்க்கரையைச் சேமித்து வைத்திருக்கும். அது தீராவிட்டால் குளுக்கோஸ் உள்ள குழாய்க்கும் இல்லாத குழாய்க்கும் வித்தியாசம் தெரியாது.

மறுநாள் நான்கு குழாய்கள்: ஈஸ்டும் தண்ணீரும், ஈஸ்டும் குளுக்கோசும், கொதித்த ஈஸ்டும் குளுக்கோசும், ஈஸ்ட் இல்லாமல் தண்ணீரும் குளுக்கோசும். ஈஸ்டுக் கலவை 10 மி.லி., 5 சதவீதக் குளுக்கோஸ் அல்லது தண்ணீர் 1 மி.லி. என்ற அளவு. நான்காவதில் ஈஸ்டுக்குப் பதில் தண்ணீர் 10 மி.லி. 37 டிகிரித் தண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்தபின் 0.01 சதவீத மெத்திலீன் நீலம் 1 மி.லி. விட்டு ஒருமுறை கலக்கி, அதன்பின் அசைக்காமல் நேரம் பாருங்கள். எலெக்ட்ரான் வாங்கிய சாயம் நிறமிழக்கும். மேலே ஒரு விரற்கடை நீலமாகவே நிற்கும். காற்றின் ஆக்சிஜன் சாயத்தைத் திரும்ப நீலமாக்குவதால் அப்படி. அதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

இந்தக் குழாயில் பெராக்சைடு விட்டுப் பார்க்கும் ஆசை வரும். விட்டால் நீலம் நீண்ட நேரம் நிற்கும், ஆனால் அதற்குக் காரணம் கேடலேஸ் விடுவிக்கும் ஆக்சிஜன். "என்.ஏ.டி.பி.எச். பெராக்சைடுக்குப் போய்விட்டது" என்று அதை வைத்துச் சொல்லக் கூடாது. சாயத்துக்கு எலெக்ட்ரான் தருவது என்.ஏ.டி.பி.எச். மட்டுமும் அல்ல. இந்த வரம்பை நீங்களே அறிக்கையில் எழுதிவிடுங்கள். எழுதியவருக்கு மதிப்பெண் குறைந்ததில்லை.

ஈஸ்டைப் பல மணி நேரம் சர்க்கரையில் வளர்த்துவிட்டு நுரைச் சோதனைக்கு எடுப்பதும் கூடாது. குளுக்கோஸ் மிகுந்தால் ஈஸ்ட் கேடலேஸ் செய்வதையே குறைத்துக்கொள்ளும். "சர்க்கரை கொடுத்தோம், பெராக்சைடு உடைவது குறைந்தது" என்று தலைகீழான முடிவு கிடைக்கும்.

7. ரத்தம் பற்றிக் கேட்டால்

காயத்தில் பெராக்சைடு நுரைப்பது சிவப்பணுவிலும் திசுவிலும் உள்ள கேடலேசால். ரத்தம் எடுத்துச் செய்து காட்டுவது கூடவே கூடாது. வாயால் சொன்னால் போதும்: சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியா இல்லை, அதன் ஏ.டி.பி. முழுவதும் குளுக்கோசைச் சிதைத்தே வருகிறது. பாஸ்பேட் ஏறிய குளுக்கோசிலிருந்து முதல் என்.ஏ.டி.பி.எச். எடுக்கும் ஜி6பி.டி. நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. பிரைமாகுயின் போன்ற மருந்தோ பாச்சை உருண்டையின் நாப்தலீனோ உடம்பில் சேர்ந்தால் அவர்களுடைய சிவப்பணுக்கள் உடையும். சுங்கம் கட்டியாகிவிட்டது, ஆனால் பாதை அடைத்திருக்கிறது என்று இதை விளக்கலாம்.

8. நாள் கணக்கு

கடிதமும் பொருளும் கண்காட்சிக்கு மூன்று வாரம் முன்பே கையில் இருக்கட்டும். தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், அரூர் பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு பொருள் விட்டுப்போனாலும் ஒரு நாள் போய்விடும். முதல் வாரம் கருவி கட்டிக் கசிவு பார்ப்பதற்கு. இரண்டாம் வாரம் அளவீடு. மூன்றாம் வாரம் பலகை.

கண்காட்சிக்கு நான்கு நாள் முன் மாலையில் கடலையை ஊறப்போடுங்கள். குளிர்காலத்தில் ஓசூர்ப் பக்கம் முளை தாமதிக்கும், ஒரு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். முந்தின மாலை ஈஸ்டைப் பட்டினி போடுங்கள், பம்புக்கு மின்சாரம் நிற்காத இடமாகப் பாருங்கள். அன்று காலை சாறு அரைத்து, கரைசல் கலந்து, ஐஸ் பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள். பெராக்சைடு புட்டி பையில் நிமிர்ந்து நிற்கட்டும், மூடி மிக இறுக வேண்டாம், மேலே துணி சுற்ற வேண்டாம். கூடுதலாக ஒரு டிரிப் செட், ஒரு கார்க், ஒரு லிட்டர் பேட்டரி தண்ணீர்.

முடிந்ததும் மிஞ்சிய 1 சதவீதக் கரைசலில் ஈஸ்டைப் போட்டு, நுரை நின்றபின் நிறையத் தண்ணீரோடு சாக்கடையில் ஊற்றலாம். பெர்மாங்கனேட், அமிலக் கழிவை ஆசிரியரிடம் கொடுங்கள். ஊசியை மூடியோடு தடித்த பிளாஸ்டிக் புட்டியில் போட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்படையுங்கள்.